நான் திருத்தச் சொன்ன புள்ளி

"சேர், இத யாரெல்லாம் பாக்கலாம்?"

லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நின்றுகொண்டு தர்ஷினி கேட்டாள். காலை பத்தைத் தாண்டியிருந்தது. கையிலிருந்த டேப்லெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பக்கத்துக் கடைக்காரர் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீர் எங்கள் காலணிகளைச் சுற்றி ஓடியது. மற்ற பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டிக் குதித்தார்கள். அவள் மட்டும் தண்ணீரிலேயே நின்றாள்.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு 'சேர்' யாரென்று தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன், நான்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'டீச்சர்' என்ற சொல்லின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆணோ, என்னைப் போலப் பெண்ணோ, ஆசிரியர் என்றால் சேர். உயர்நிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தே என் தலை நரைத்தது.

"எல்லாருமே பாக்கலாம்," என்றேன். குரலில் பெருமை இருந்தது. "காலையில பஸ்ல வரும்போதே பேரண்ட்ஸ் குரூப்ல லிங்க் அனுப்பிட்டேன். உங்கம்மாவும் பாத்திருப்பாங்க."

அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையின் முகம் ஈ பறந்தாலும் மாறும். அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அந்த குரூப்ல அம்மா இல்ல சேர். அப்பாதான் இருக்காரு."

"அதனால என்னம்மா?"

இதை எழுதும்போதும் கூசுகிறது. அப்படித்தான் கேட்டேன்.

"நாங்க எங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியாது சேர்," என்றாள். "தெரியக் கூடாது."

நூலும் ஆறும்

நான் படித்த காலத்தில் வரைபடம் என்றால் காகிதம். ஆற்றின் நீளத்தை அளக்க வெள்ளை நூலை எச்சில் தொட்டு நனைத்து, நீலக்கோட்டின் வளைவுகளில் ஒட்டிக்கொண்டே போய், பிறகு அதை நிமிர்த்தி அளவுகோலில் வைப்போம். எல்லோருக்கும் வேறு வேறு விடை வரும். நகத்தில் நீல மை ஒட்டியிருக்கும்.

ஆசிரியரான புதிதில் ஒரு வகுப்பை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்து வந்தேன். காகிதமும் பென்சிலும்தான். கண்ணில் படுவதைக் குறியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரு சீனப் பையன் பஃபலோ ரோட்டின் நடுவில் ஒரு கோடு போட்டு, 'மல்லிகை வாசனை இங்கே தொடங்குகிறது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு: 'இங்கே மீன் வாசனை ஜெயித்துவிட்டது.' இருபதுக்கு இருபது போட்டேன்.

பிறகு டேப்லெட் வந்தது. திரையில் விரலால் தொட்டால் புள்ளி விழும். நாற்பது பேர் நாற்பது இடத்தில் நின்று தொட்டால், வகுப்பறைச் சுவரில் நாற்பது புள்ளியும் அந்தக் கணமே தெரியும். அதைப் பார்த்த முதல் நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் துறையில் இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார், ஃபைசால் என்று. அவர்தான் எனக்கு எல்லாம் பழக்கினார். வயதில் எனக்குத் தம்பி, இந்த விஷயத்தில் எனக்கு அண்ணன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து உயர்நிலை இரண்டாம் வகுப்புக்கு ஒரு திட்டம் போட்டோம். 'பள்ளிக்கு வரும் வழி.' ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து பள்ளி வரைக்கும் கோடு. எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே நிழல் இல்லை, எந்த இடத்தில் சாலையைக் கடக்கப் பயம்.

நன்றாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். பள்ளிக்கு அருகே ஒரு திருப்பத்தில் கூரைப் பாதை முடிந்து, அடுத்த கூரை பத்தடி தள்ளித் தொடங்குகிறது. மழை நாளில் அந்தப் பத்தடியை எல்லாப் பிள்ளைகளும் கார்களைப் பார்க்காமல் ஓடிக் கடக்கிறார்கள். அது வரைபடத்தில் சிவப்பாகத் திரண்டு நின்றது. முதல்வர் பார்த்துவிட்டு, இதை வெளியே காட்டலாமே என்றார். அதைக் கேட்டுத்தான் அந்த லிங்கைப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பினேன்.

வரைபடத்தில் பெயர்கள் தெரியாது. புள்ளி மட்டும்தான் தெரியும். ஆனால் புள்ளியைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் பிள்ளை எழுதிய எல்லாம் இருக்கும். பெயர், குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் புளோக் எண், வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம்.

அந்தப் பெட்டியை மூடி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொட்டுப் பார்த்து ரசித்தேன், அவ்வளவுதான்.

எட்டு நிமிடம், ஐம்பத்தைந்து நிமிடம்

தர்ஷினி முதலில் தன் புள்ளியை மார்சிலிங்கில் வைத்திருந்தாள். பள்ளியிலிருந்து எட்டு நிமிட நடை. ஆனால் நேரம் என்ற கட்டத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் என்று எழுதியிருந்தாள்.

நான் அதைத் திரையில் போட்டு, வகுப்பு முழுவதும் பார்க்கக் கேட்டேன். "எட்டு நிமிஷ வழிக்கு ஐம்பத்தைஞ்சு நிமிஷமா? ஊர்ந்து வர்றியா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"டேட்டா பொய்யா இருந்தா மேப்பும் பொய்யாயிடும்," என்றேன். "நாளைக்குள்ள திருத்திடு."

மறுநாள் புள்ளி புக்கிட் பாத்தோக்குக்குப் போயிருந்தது. கிளம்பும் நேரம் ஐந்து ஐம்பது. இரயில், பிறகு நடை. ஐம்பத்தைந்து நிமிடம் கச்சிதமாகப் பொருந்தியது. 'மிக நன்று' என்று அடியில் எழுதினேன்.

அவள் பெற்றோர் பிரிந்ததும், நீதிமன்றம் அம்மாவுக்கும் மகளுக்கும் பாதுகாப்பு ஆணை கொடுத்திருந்ததும் வகுப்பாசிரியருக்கும் ஆலோசகருக்கும் தெரியும். பாட ஆசிரியர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் அது, சொல்லாததில் தவறில்லை. பெற்றோர் குழுவோ, பிள்ளைகள் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது பெற்றோர்களே தொடங்கியது. அன்று சேர்ந்த எண்கள் அப்படியே இருந்தன. ஆசிரியர்கள் நாங்களும் அதில் இருந்தோம்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடம் இருக்கிறது. ஆனால் எட்டுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் ஏதோ இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. அது என்ன என்று நான் யோசிக்கவில்லை. சிரிப்புக் காட்டினேன்.

படித்தவர்கள் பட்டியல்

கேம்பல் லேனுக்கு வருகிறேன்.

முதலில் அவள் புள்ளியை அழித்தேன். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. விரல் இரண்டு முறை தவறி மூன்றாவது முறைதான் சரியான இடத்தில் பட்டது. பிறகு குழுவில் நான் அனுப்பிய செய்தியை அழிக்கப் போனேன். அழிப்பதற்கு முன் யாரெல்லாம் படித்தார்கள் என்று பார்த்தேன்.

"அப்பா நம்பர் என்னம்மா?"

அவள் சொல்லச் சொல்லப் பட்டியலில் விரலை ஓட்டினேன். இருந்தது. ஒன்பது இருபதுக்குப் படித்திருக்கிறார். மணி பத்து ஐந்து.

வெளிக்களப் பாடம் என்பதால் என் கைப்பேசி சத்தமில்லாமல் இருந்தது. அதே எண்ணிலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்து காத்திருந்தது. தமிழில்.

'நல்ல ப்ராஜெக்ட் டீச்சர். என் மகள் காலையில எவ்வளவு சீக்கிரம் கிளம்புறாள்னு இப்பதான் தெரிஞ்சது. தேங்க்ஸ்.'

அதை தர்ஷினிக்குக் காட்டவில்லை. காட்டாமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் கைப்பேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை.

"அம்மா இப்ப எங்க இருப்பாங்க?"

"வீட்லதான் சேர். மத்தியானம்தான் வேலைக்குப் போவாங்க. வீட்ல வேற யாரும் இருக்க மாட்டாங்க."

அவள் அம்மா கலா ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்தார். கூட வேலை செய்யும் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார். அந்த வீட்டுக்காரர் காலை ஷிப்ட், இவர் மாலை ஷிப்ட்.

பத்தொன்பது பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு நான் ஓர் அடி நகர முடியாது. வகுப்பின் மறுபாதி ஃபைசாலோடு தேக்கா சந்தைப் பக்கம் இருந்தது. அவருக்குப் போன் அடித்தேன். நான்காவது முறை ஒரு சின்னக் குரல் எடுத்தது.

"ஹலோ, இது சேரோட போன்."

"நானும் சேர்தான். சேர்கிட்ட குடு."

"சேர் இங்க இல்ல சேர். ஹாட்ஸ்பாட்டுக்காக போன எங்ககிட்ட குடுத்துட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு."

"ஓடிப் போய்க் குடு. இப்பவே."

வேறொரு நாளாக இருந்தால் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஃபைசால் பேசியதும் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். "வர்றேன்," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

பெட்டிக் கடைக்குள்

நாங்கள் நின்ற இடத்துக்குப் பின்னால் பயணப் பெட்டி விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்கார பாய் நான் கைப்பேசியில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். "பிள்ளைய உள்ள உக்கார வைங்கம்மா," என்று இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளைப் பெட்டிகளுக்கு நடுவில் இழுத்துப் போட்டார். அங்கே உட்கார்ந்தால் தெருவிலிருந்து தெரியாது. புது ரப்பர் வாசனை. தர்ஷினி உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன், ஒரு கண் உள்ளே, ஒரு கண் பிள்ளைகள் மேல்.

அங்கிருந்தே காவல்துறையை அழைத்தேன். பேசிய பெண் நிதானமாகக் கேட்டார். பாதுகாப்பு ஆணை இருக்கிறதா? தர்ஷினியிடம் கேட்டேன், தலையாட்டினாள். இருக்கிறது. எந்த புளோக்? சொன்னேன். வீட்டு எண்? மறுபடி அவளைப் பார்த்தேன், பார்வையை விலக்கிக்கொண்டாள்.

எனக்குத் தெரியாது. நல்லவேளை, அந்தக் கட்டத்தை மட்டும் நாங்கள் படிவத்தில் வைக்கவில்லை. பெருமையாக அல்ல, இடமில்லாமல் போனதால்.

அதற்குள் ஃபைசால் பள்ளிக்குத் தகவல் சொல்லியிருந்தார், துணை முதல்வரிடமிருந்து அழைப்பு. பிள்ளையை எங்கேயும் அழைத்துப் போகாதீர்கள், அங்கேயே இருங்கள், நான் வருகிறேன் என்றார். ஃபைசால் தன் இருபது பேரையும் சிராங்கூன் சாலையைக் கடக்க வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "ஓகே லா, எல்லாரும் என்கூட வாங்க, ஐஸ் மைலோ வாங்கித் தர்றேன்," என்று அழைத்துப் போய்விட்டார். யாரும் தர்ஷினி எங்கே என்று கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

நான் உள்ளே போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"அவர் எப்பவும் அடிக்க மாட்டாரு சேர். எப்பவாச்சும்தான். எப்பன்னு தெரியாது, அதான்."

ஒரு பெட்டியின் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டாள். சத்தமே இல்லாமல் சுற்றியது.

எனக்கு அப்போது வேறொரு வகுப்பறை நினைவுக்கு வந்தது. தொடக்கநிலை நான்கு. ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி வீடு எங்கே என்று கேட்டார். அந்த வருடம்தான் அத்தா, அதாவது என் அப்பா, நடத்திய கடை மூடியிருந்தது. நாங்கள் ஆறு பேரும் சின்னம்மா வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். விடிந்ததும் பாயைச் சுருட்டினால் எங்கள் வீடு காணாமல் போய்விடும். என் முறை வந்ததும், "புக்கிட் தீமா," என்றேன். பணக்காரர்கள் இருக்கும் இடம் என்று யாரோ சொல்லிக் கேட்ட பெயர். ஆசிரியை என்னைப் பார்த்தார். என் காலணியைப் பார்த்தார். பிறகு, "நல்ல மரங்கள் உள்ள இடம்," என்று சொல்லி அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. இது எனக்கு வளர்ந்த பிறகும் புரியவில்லை. அந்தப் பெட்டிக் கடையில்தான் புரிந்தது.

"போன் பண்ணாத"

தர்ஷினியின் கைப்பேசி அதிர்ந்தது. அழைப்பில்லை, செய்தி.

'போன் பண்ணாதம்மா. வெளிய நிக்கிறாரு. சத்தம் வேணாம். நீ வராத.'

படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

நான் மறுபடியும் காவல்துறைக்கு அடித்தேன். அவர் வாசலில் நிற்கிறார், அம்மா உள்ளே தனியாக இருக்கிறார் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது, வீட்டு எண் வேண்டும், ஒவ்வொரு மாடியாகத் தேடினால் நேரமாகும் என்றார்கள்.

"தர்ஷினி, வீட்டு நம்பர்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. போலீஸ்தான் கேக்குறாங்க."

"சொல்லணுமா சேர்?"

அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை அவளுக்கு நான்தான் கொடுத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உண்மையைச் சொல் என்று கேட்டது நான். சொன்னாள். இன்று அவள் அம்மா ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கடைக்கார பாய் வாசலில் வந்து நின்ற வாடிக்கையாளரைக் கையசைத்து அனுப்பினார்.

பிறகு தர்ஷினி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஆங்கிலத்தில், மாடியையும் எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அவர்கள் திருப்பிச் சொன்னதைக் கேட்டாள். "யெஸ். கரெக்ட்," என்றாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. பாய் இரண்டு டீ வாங்கிவந்து வைத்தார். இரண்டும் ஏடு கட்டிக் கிடந்தன. வெளியே லாரியிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கின. ஒவ்வொரு மூட்டை விழும்போதும் அவள் தோள் குலுங்கியது.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அழைப்பு. அவள் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "சாப்ட்டியா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

காலணி

அன்று அந்த புளோக்கில் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு புளோக் தெரியும், வீடு தெரியாது. இரண்டாவது மாடியில் தொடங்கி ஒவ்வொரு மாடியாக, வராந்தாவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்திருக்கிறார். கதவுகளைப் பார்க்கவில்லை. வாசலில் கிடக்கும் காலணிகளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். ஒன்பதாவது மாடியில் ஒரு ஜோடி விளையாட்டுக் காலணி. குதிகாலில் கறுப்பு மார்க்கரில் பெயர். மகளின் கையெழுத்து.

அவர் கத்தவில்லையாம். "கலா, பேசத்தான் வந்தேன், தொற," என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னாராம். மகளின் முதல் அழைப்பு வந்ததும் கலா எடுக்கப் போயிருக்கிறார். அதே நேரம் கதவில் தட்டு. மணியோசை வெளியே கேட்டால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். கைப்பேசியின் வாயை அடைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். போகப் போக இரும்புக் கதவை ஆட்டும் சத்தம். அதன் பிறகுதான் அந்தச் செய்தியை எழுதியிருக்கிறார்.

லிஃப்டிலிருந்து காவல்துறையினர் இறங்கியபோது அவர் ஓடவில்லை. தன் கைப்பேசியைத் திறந்து அவர்களிடம் நீட்டினாராம். வரைபடத்தைப் படமெடுத்து வைத்திருந்தார்.

"ஸ்கூல்லயே அனுப்பியிருக்காங்க, பாருங்க," என்றாராம்.

ஆணையை மீறியதற்காக அவர் மீது வழக்கு நடந்தது. என்ன தீர்ப்பு என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

துணை முதல்வரோடு ஒரு பெண் அதிகாரியும் பெட்டிக் கடைக்கு வந்து தர்ஷினியை அம்மாவிடம் அழைத்துப் போனார்கள். போகும்போது வாசலில் நின்றாள்.

"சேர், என் பேர டிலீட் பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன்மா."

"மத்தவங்க பேரு?"

நான் அதைச் செய்யவில்லை. அவ்வளவு நேரமும் அது என் புத்தியில் வரவில்லை. முப்பத்தொன்பது பிள்ளைகளின் வீடும், அவர்கள் கதவைத் திறந்து வெளியே வரும் நேரமும் அப்போதும் திறந்தே கிடந்தன. ஃபைசாலை அழைத்தேன். அவர் காப்பிக் கடையில் பிள்ளைகளுக்கு மைலோ வாங்கிக் கொடுத்தபடியே முழு வரைபடத்தையும் மூடினார்.

டீச்சர்தானே

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் ஊர்ந்து வர்றியா என்று கேட்டதையும் சேர்த்து. ஃபைசால் தன் பங்குக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். வரைபடத்தின் பெட்டியை மூடாதது என் தவறும்தான் என்று எழுதியிருந்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பள்ளி எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு வெளிக்களப் பாடம் எதுவும் எனக்கில்லை. அதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன். கிடைத்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்துக் கலா பள்ளிக்கு வந்தார். பள்ளி மாற்றும் தாள்களில் கையெழுத்துப் போட. தர்ஷினி வரவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன அறை ஒன்றில், ஆலோசகரும் இருக்க, நான் அவரைப் பார்த்தேன். என் வயதிருக்கும். சலவைக்கூடத்து நீராவியில் வெந்த கைகள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், ஆனாலும் பாதியில் நின்றுவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கோப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

"மொதல்ல மார்சிலிங்னு போடச் சொன்னது நான்தான் டீச்சர். யார் கேட்டாலும் பழைய எடத்தையே சொல்லுன்னு சொல்லி வச்சிருந்தேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. பொய்னு சேர் கண்டுபிடிச்சிட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்கன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன செய்யட்டும்மான்னு கேட்டா. நான் ரொம்ப நேரம் யோசிச்சேன் டீச்சர். அப்புறம் நான்தான் சொன்னேன். சரி, டீச்சர்தானே, அவங்ககிட்ட உண்மையச் சொல்லு, ஒண்ணும் ஆகாதுன்னு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு நேரமாகிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். வாசலில் நின்று, "நீங்க வேணும்னு செய்யல. தெரியும்," என்றார். அதை எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இரயிலில்

அம்மாவும் மகளும் உடனே வீடு மாறினார்கள். புக்கிட் பாத்தோக் என்று நான் இங்கே எழுதியிருப்பது அதனால்தான். அங்கே அவர்கள் இல்லை. பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

இப்போதும் வரைபடத் திட்டங்கள் செய்கிறோம். வீட்டுக்குப் புள்ளி கிடையாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன், அதுவும் எந்த நிறுத்தம் என்பது அவரவர் விருப்பம். ஏதாவது பொருந்தாமல் இருந்தால் திரையில் போடுவதில்லை. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "இத இப்படியே விட்டுடலாமா?" என்று மட்டும் கேட்கிறேன். சில பிள்ளைகள் தலையாட்டுவார்கள். விட்டுவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, தேக்காவில் மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் இரயில் ஏறினேன். என் வீடு புக்கிட் பாஞ்சாங்கில், கடைசி நிறுத்தம். "சேர்," என்று ஒரு குரல். நிமிர்ந்தால் தர்ஷினி. கழுத்தில் பலதுறைக் கல்லூரி அடையாள அட்டை. என்னைவிட உயரமாகிவிட்டாள். என் பையை வாங்கித் தன் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.

அம்மா நன்றாக இருப்பதாகச் சொன்னாள். இப்போது சூப்பர்வைசராம். நான் இந்தத் தொடர் எழுதப்போவதைச் சொன்னேன். அந்த நாளை எழுதலாமா என்று கேட்டேன். ஜன்னலில் ஓடும் சுரங்க இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுதுங்க சேர். அம்மாகிட்டயும் கேட்டுச் சொல்றேன். ஆனா நான் நம்பர் சொன்னத விட்டுடாதீங்க."

பிறகு அம்மாவும் சம்மதித்ததாகச் செய்தி அனுப்பினாள்.

இரயில் ஸ்டீவன்ஸைத் தாண்டியது. பொட்டானிக் கார்டன்ஸைத் தாண்டியது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது அவள் லேசாகத் தலையைத் தூக்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி என்னிடம் பேசினாள். அவள் எங்கே இறங்கப்போகிறாள் என்று நான் கவனித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

பியூட்டி வேர்ல்டில் கதவு திறந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க கடைசி வரைக்கும்னு சொன்னீங்களே சேர்?"

"இங்க ஒரு சாமான் வாங்கணும்மா."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "ஓகே சேர்," என்றாள்.

கதவு மூடியது. நான் வாங்க ஒன்றும் இல்லை. மேடையில் இருந்த இருக்கையில், மீன் பையைக் காலடியில் வைத்துவிட்டு, அடுத்த இரயிலுக்காக உட்கார்ந்தேன்.